பனையோலைப் பொம்மைக்குள் பேச்சு: தகர டப்பாச் சத்தம் போக என்ன வழி?

ஓலைக்கொட்டான் (பெரியபட்டினம்)

எல்லோருக்கும் வணக்கம். பனையோலையில் முடைந்த கடல் உயிரினப் பொம்மைகள் செய்கிறோம். ஆவுளியா (கடற்பசு), ஆமை, திருக்கை, சங்கு என நான்கு வகை. வயிற்றை அமுக்கினால் தன் பெயரைச் சொல்லி இரண்டு வரி பேச வேண்டும். உள்ளே இப்போது இருப்பது ஐஎஸ்டி1820 ரெக்கார்டிங் மாட்யூல், 40 மி.மீ. 8 ஓம் அரை வாட் ஸ்பீக்கர், மூன்று ஏஏ பேட்டரி.

மூன்று சிக்கல்கள். "சங்கு" என்பது "தங்கு" போலக் கேட்கிறது. சத்தம் போதவில்லை, கூட்டினால் கரகரக்கிறது. கடற்கரைக் கடைகளில் வைத்த பொம்மைகள் சில மாதத்தில் ஊமையாகிவிடுகின்றன.

எலக்ட்ரானிக்ஸுக்கு ஒரு பொம்மைக்கு 250 ரூபாய் வரை செலவழிக்கலாம். ஒரு தடவைக்கு 50 பொம்மை. சால்டரிங் நன்றாகத் தெரியும், புரோகிராமிங் கொஞ்சம்தான். எதை முதலில் மாற்றுவது?

---

ஒலிக்கூடு

சிப்பை மாற்றுவதற்கு முன்னால் ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கும் இடத்தை மாற்றுங்கள் அக்கா. காசு அதிகம் கேட்காத வேலை, பலன் பெரியது.

ஸ்பீக்கரின் கோன் (அசையும் கூம்பு) முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே நொடியில் பின்பக்கம் இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே தடுப்பு இல்லையென்றால் முன் அலையும் பின் அலையும் ஒன்றையொன்று அழித்துவிடும். அடித்தொனிதான் முதலில் காணாமல் போகும், கீச்சுச் சத்தம் மட்டும் மிஞ்சும். முடைந்த ஓலையில் கண்ணுக்குக் கண் இடைவெளி இருப்பதால் அது காற்றைத் தடுக்காது. ஓலைக்குள் சும்மா ஒட்டிய ஸ்பீக்கர் வெட்டவெளியில் தொங்கும் ஸ்பீக்கர்தான். சோதித்துப் பாருங்கள்: ஓரடி அகல அட்டையில் கோன் அளவுக்கு வட்டம் வெட்டி, ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கரை அதன் பின்னால் அழுத்திப் பிடியுங்கள். குரல் சட்டென்று கனக்கும்.

பொம்மைக்குள் அட்டை வைக்க முடியாது, பின்பக்கத்தை மூடிவிடலாம். உங்கள் பக்கம் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. தேங்காயை உடைத்தால் மூன்று கண் உள்ள பாதியை விட்டுவிட்டு மற்ற பாதியை எடுங்கள். கண் வழியாகக் காற்று கசியும். நாரைச் சுரண்டி, சமமான பலகையில் உப்புத்தாளை விரித்து விளிம்பைத் தேய்த்தால் மட்டமாகிவிடும். 3 மி.மீ. பிளைவுட் வட்டத்தில் ஸ்பீக்கருக்கு ஓட்டை போட்டு, மரத்தூள் குழைத்த ஃபெவிகாலால் சிரட்டை மேல் ஒட்டுங்கள். ஒயர் வெளியேறும் துளையை ஹாட் குளூவால் அடையுங்கள். உள்ளே இலவம்பஞ்சு கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், திணிக்க வேண்டாம். உள்ளளவு 100 மி.லி.க்குக் குறையக் கூடாது. தண்ணீர் ஊற்றி அளந்துகொள்ளலாம். அதைவிடச் சின்னதாக அடைத்தால் உள்காற்று விறைத்து அடித்தொனி மறுபடி போய்விடும்.

மூடியது சரியா என்று பார்க்கக் கோனின் நடுவை விரலால் லேசாக அமுக்கி விடுங்கள். உடனே துள்ளித் திரும்பினால் எங்கோ கசிகிறது. மெதுவாகத் திரும்பினால் சரி.

முன்பக்கத் துளைகளும் முக்கியம். 40 மி.மீ. ஸ்பீக்கரில் உண்மையில் அசையும் பரப்பு சுமார் 9 சதுர செ.மீ. அதில் மூன்றில் ஒரு பங்காவது திறந்திருக்க வேண்டும். 4 மி.மீ. துளை என்றால் 24 வேண்டும், 3 மி.மீ. என்றால் 42. நடுவில் ஒரே ஒரு ஓட்டை போட்டு விடுவதுதான் பெரும்பாலான மலிவுப் பொம்மைகளின் கேடு. கோனுக்கும் துளைத் தட்டுக்கும் நடுவே 3 மி.மீ. ஃபோம் வளையம் வையுங்கள். இல்லாவிட்டால் கோன் தட்டில் இடித்துக் கரகரக்கும்.

இனி "சங்கு". ஐஎஸ்டி1820-இல் மாதிரி எடுக்கும் வேகத்தை (நொடிக்கு எத்தனை தடவை ஒலியை அளக்கிறது என்பதை) ஒரு ரெசிஸ்டர் தீர்மானிக்கிறது. 100 கிலோ ஓம் இருந்தால் 10 நொடி பதியும், ஒலி 2.6 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 80 கிலோ ஓம் போட்டால் 8 நொடி, 3.4 கிலோஹெர்ட்ஸ். 200 கிலோ ஓம் போட்டு 20 நொடி இழுத்தால் 1.3 கிலோஹெர்ட்ஸ்தான் மிச்சம். ச, ஸ ஒலிகளின் சீறல் பெரும்பாலும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருக்கிறது. ஆகவே கூடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தச் சிப்பில் "சங்கு" தெளியாது. அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

---

சால்டர்_மண்டபம்

புரோகிராமிங் அதிகம் வேண்டாம்னா டிஎஃப்பிளேயர் மினி போடுங்க. எம்பி3 கோப்பை மெமரி கார்டில் போட்டால் போதும், ஆம்ப்ளிஃபயரும் அதிலேயே இருக்கு. 3.2 முதல் 5 வோல்ட் வரை ஓடும், மூணு ஏஏ சரியாப் பொருந்தும். ஐஓ2ங்கிற காலை (பின்னை) பட்டன் வழியா கிரவுண்டுக்குத் தொட்டால் அடுத்த கோப்பு பாடும்.

கவனிக்க வேண்டியது சில இருக்கு. ஸ்பீக்கரோட ரெண்டு ஒயரும் எஸ்பிகே1, எஸ்பிகே2ங்கிற கால்களுக்கு மட்டும்தான் போகணும், ஒண்ணைக்கூட கிரவுண்டில் சேர்க்காதீங்க. கோப்புகள் பெயர் வரிசையில் பாடாது, கார்டில் எந்த வரிசையில் காப்பி பண்ணினீங்களோ அந்த வரிசையில் பாடும். அதனால கார்டை ஃபேட்32-ல் ஃபார்மேட் பண்ணி, 0001, 0002னு பெயர் வச்சு ஒவ்வொண்ணா காப்பி பண்ணுங்க. அப்புறம், அதே பட்டனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தால் வால்யூம் ஏறும். குழந்தை கையை எடுக்காமல் அமுக்கினால் சத்தம் உச்சத்துக்குப் போயிடும். ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராம் எழுதி ஓட்டும் சிப்) வச்சு 9600 பாட் சீரியலில் கட்டளை கொடுத்தால் இது தீரும். வால்யூம் 0 முதல் 30 வரை, நீங்க 20-ல் நிறுத்திக்கலாம். சீரியல் ஒயரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட மறக்காதீங்க, இல்லைன்னா ஸ்பீக்கரில் இரைச்சல் வரும்.

---

அலைவரிசை

மேலே சொன்னது வேலை செய்யும். ஆனால் இந்தப் பொம்மைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், மூன்று காரணம்.

டிஎஃப்பிளேயர் சும்மா இருக்கும்போதே சுமார் 20 மில்லிஆம்பியர் இழுக்கும். 2000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி 100 மணி நேரத்தில், அதாவது நாலே நாளில் காலி. மாஸ்ஃபெட் (சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வைத்து மின்சாரத்தைத் துண்டித்தால், ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் கார்டைப் படிக்க ஒரு நொடிக்கு மேல் ஆகும். அமுக்கியவுடன் பேசாத பொம்மையைக் குழந்தை மறுபடி மறுபடி அமுக்கும். மூன்றாவது, கார்டு சாக்கெட். உப்புக் காற்றில் அந்த மெல்லிய தொடுமுனைகள் கறுத்துப்போகும். கார்டையும் சேர்த்தால் விலையும் உங்கள் வரம்பில் பாதிக்கு மேல் தின்றுவிடும்.

என் தேர்வு: சிஎச்32வி003 மைக்ரோகன்ட்ரோலர், டபிள்யூ25கியூ32 ஃப்ளாஷ் (பேச்சைச் சேமிக்கும் சிப்), பிஏஎம்8302ஏ ஆம்ப்ளிஃபயர், எச்டி7333 ரெகுலேட்டர் (வோல்ட்டை நிலையாக வைக்கும் சிப்). நான்குமே பலகையில் நேரடியாகச் சால்டர் ஆகும். ஃப்ளாஷ் 4 மெகாபைட். 16 கிலோஹெர்ட்ஸ், 8 பிட், மோனோவில் நொடிக்கு 16,000 பைட், ஆக 262 நொடி பதியலாம். நான்கு பொம்மைக்கும் உரிய பேச்சை ஒரே ஃப்ளாஷில் போட்டு, எந்தப் பொம்மை என்பதை ஒரு ஜம்பரால் தேர்ந்தெடுத்தால் 50 பலகையும் ஒரே மாதிரி இருக்கும்.

மைக்ரோகன்ட்ரோலரை 48 மெகாஹெர்ட்ஸில் ஓட்டி 8 பிட் பிடபிள்யூஎம் (துடிப்பின் அகலத்தை மாற்றி ஒலி அலை உருவாக்கும் முறை) எடுத்தால் அலைவெண் 187.5 கிலோஹெர்ட்ஸ். காதுக்கு எட்டாத உயரம் என்பதால் வடிகட்டுவது எளிது. அந்தக் காலிலிருந்து 10 கிலோ ஓம் தொடராக, பிறகு கிரவுண்டுக்கு 1.5 கிலோ ஓம், அதற்கு இணையாக 22 நானோஃபாரட். அங்கிருந்து 47 நானோஃபாரட் வழியாக ஆம்ப்ளிஃபயரின் ஒரு இன்புட்டுக்கு. மற்ற இன்புட்டையும் 47 நானோஃபாரட் வழியாகக் கிரவுண்டில் சேர்க்க வேண்டும். பலரும் விட்டுவிடும் இடம் இந்த 1.5 கிலோ ஓம்தான். பிஏஎம்8302ஏ உள்ளே வந்ததைச் சுமார் 16 மடங்கு பெருக்கும். பிடபிள்யூஎம் காலிலிருந்து 1.65 வோல்ட் உச்சம் வருகிறது. அப்படியே கொடுத்தால் எல்லாச் சொல்லும் தலை வெட்டிய அலையாகி இரையும். மேலே சொன்ன அளவில் உச்சம் 0.19 வோல்ட்டாகக் குறைந்து, ஸ்பீக்கருக்குப் போவது உச்சத்தில் அரை வாட்டை ஒட்டி நிற்கும். 47 நானோஃபாரட்டுக்கும் காரணம் உண்டு: ஆம்ப்ளிஃபயரின் 10 கிலோ ஓம் இன்புட்டோடு சேர்ந்து 340 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதைத் தணிக்கிறது. 40 மி.மீ. கோனால் அதை ஒலிக்க முடியாது, வீணாகத் துடித்துக் கரகரக்கும்.

மின்சாரத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஆம்ப்ளிஃபயர் பேட்டரியிலிருந்து நேராக எடுக்கட்டும், அதன் காலருகில் 470 மைக்ரோஃபாரட். மைக்ரோகன்ட்ரோலருக்கும் ஃப்ளாஷுக்கும் 1என்5819 டயோடு, எச்டி7333, 100 மைக்ரோஃபாரட் வழியாக 3.3 வோல்ட். பேட்டரி பழசானதும் உரத்த எழுத்து வரும் இடத்தில் வோல்ட் சரிந்து கன்ட்ரோலர் ரீசெட் ஆகும், பொம்மை "ஆ... ஆ... ஆ..." என்று திக்கும். பிரித்தால் அது வராது.

"டப்" சத்தம் வராமல் இருக்க, முதலில் பிடபிள்யூஎம்மை 0-இலிருந்து நடு அளவான 128-க்கு 20 மில்லிநொடியில் ஏற்றி, 50 மில்லிநொடி கழித்து எஸ்டி காலை (ஆம்ப்ளிஃபயரை உறங்க வைக்கும் கால்) உயர்த்தி ஆம்ப்ளிஃபயரை எழுப்புங்கள். முடிக்கும்போது முதலில் எஸ்டியை இறக்குங்கள். பிறகு ஃப்ளாஷுக்குப் பவர்-டவுன் கட்டளை, கன்ட்ரோலருக்கு ஸ்டான்ட்பை. பயன்படாத கால்களை அந்தரத்தில் விடாமல் புல்-டவுன் (கிரவுண்டை நோக்கி இழுக்கும் ரெசிஸ்டர்) போட்டால் மொத்த இழுவை சுமார் 20 மைக்ரோஆம்பியருக்கு இறங்கும். பேட்டரி தானாகப் பழசாகும் வேகத்துக்கு அது ஒன்றுமில்லை.

---

உப்பளம்_வாலிநோக்கம்

ஊமையாகும் பொம்மையைத் திறந்து பாருங்கள். பத்தில் எட்டு நேரம் பேட்டரி ஸ்பிரிங் துருவாகவோ செம்புத் தடத்தில் பச்சைக் களிம்பாகவோ இருக்கும், சிப் நன்றாகவே இருக்கும். உப்புத்தூள் காற்றின் ஈரத்தை இழுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பேட்டரி மின்சாரம் அதில் சேர்ந்தால் செம்பை அரிக்க வேறெதுவும் வேண்டாம். கச்சான் காற்று (மேல்காற்று) வீசும் மாதங்களில் இன்னும் வேகம்.

வெறும் இரும்பு ஸ்பிரிங் உள்ள பேட்டரிப் பெட்டியைத் தவிர்த்து, நிக்கல் பூசியதாகக் கேட்டு வாங்குங்கள். சால்டர் செய்தபின் ஃப்ளக்ஸை (ஈயம் ஒட்ட உதவும் பசையை) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். ஒட்டிய ஃப்ளக்ஸ் மேல் பூச்சு அடித்தால் அரிப்பை உள்ளே வைத்துப் பூட்டியது போலாகும். காய்ந்ததும் அக்ரிலிக் பூச்சு இரண்டு கை, நிறமில்லா நெயில் பாலிஷும் போதும். பட்டன், பேட்டரி முனை, ஸ்பீக்கர் கோன் மீது படக்கூடாது. ஸ்பீக்கர் வாங்கும்போது காகிதக் கோன் வேண்டாம், மைலார் (பிளாஸ்டிக்) கோன் கேளுங்கள். காகிதம் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஓலைப் பொம்மைக்குள் பயன்படாது, மூடாத இடத்தில் அது ஓரிரு நாளில் நிறைந்துவிடும்.

---

ஓலைக்கொட்டான் (பெரியபட்டினம்)

மிக்க நன்றி. சிரட்டையும் துளைத் தட்டும் பொருத்திப் பார்த்தோம், குரல் கனத்துவிட்டது. இரண்டு சந்தேகம். ஃபோனில் பதிந்த குரலை அப்படியே போடலாமா? 8 பிட் என்றால் பின்னால் "ஸ்ஸ்" என்று இரையாதா?

---

ஒலிக்கூடு

ஃபோன் போதும், ஆனால் அப்படியே போட வேண்டாம். விசிறியை நிறுத்தி, கதவு ஜன்னலை அடைத்து, போர்வை தொங்கும் மூலையில் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில் பிடித்துப் பதியுங்கள். நேராகப் பிடித்தால் "ப" வரும்போது காற்று மோதும்.

பிறகு கணினியில் ஆடாசிட்டி (ஒலியைத் திருத்தும் மென்பொருள்). முதலில் மோனோ ஆக்குங்கள். ஹை-பாஸ் ஃபில்டர் (அடித்தொனியை வெட்டுவது) 300 ஹெர்ட்ஸ், சரிவு 24 டெசிபெல். கணினி ஸ்பீக்கரில் குரல் மெலிந்தது போலத் தெரியும், பயப்பட வேண்டாம், பொம்மைக்குள் அது தெரியாது. அடுத்து கம்ப்ரஸர், விகிதம் 3-க்கு 1. சின்னச் சத்தமும் பெரிய சத்தமும் நெருங்கி வருவதால் ஸ்பீக்கரை வருத்தாமலே உரக்கக் கேட்கும். நார்மலைஸ் (ஒலியின் உச்சத்தைக் குறித்த அளவுக்கு உயர்த்துவது) மைனஸ் 1 டெசிபெல். கடைசியில் 16,000 ஹெர்ட்ஸுக்கு ரீசாம்பிள் செய்து 8 பிட்டாக ஏற்றுமதி. இந்த வரிசையை மாற்றக் கூடாது. முதலில் நார்மலைஸ் செய்துவிட்டுப் பிறகு ஃபில்டர் போட்டால் கிடைத்த உயரம் கைவிட்டுப் போகும்.

8 பிட்டில் இரைச்சல் உண்டு. பேச்சு ஓடும்போது அது மறைந்துவிடும், சொற்களுக்கு நடுவில்தான் கேட்கும். அந்த இடைவெளிகளைத் தேர்ந்தெடுத்து முழு மௌனமாக்குங்கள். 8 பிட் கோப்பில் மௌனம் என்பது 0 அல்ல, 128. அதை மறந்தால் ஒவ்வொரு இடைவெளியிலும் "டப்" கேட்கும்.

ல, ள, ழ வேறுபாடு 3 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயே இருக்கிறது, அது தப்பிவிடும். "ஆழம்" தெளியவில்லை என்றால் கருவியைக் குறை சொல்லாமல் பேசியவரை மெதுவாக மறுபடி சொல்லச் சொல்லுங்கள்.

---

சால்டர்_மண்டபம்

ரெண்டு விஷயம் சேர்த்துக்கிறேன். விற்பனைக்குப் போகும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரியிலிருந்து கட்டாயம். மின்சாரப் பொம்மைக்கு ஐஎஸ் 15644 பொருந்தும். கைவினை வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செஞ்ச கைவினைஞர்கள் தாங்களே செஞ்சு விற்பதுக்கு அந்த ஆணையில் விலக்கு தந்திருக்காங்க. உள்ளே சர்க்யூட் வச்சதுக்கும் அது செல்லுமான்னு மாவட்டத் தொழில் மையத்தில் எழுத்தில் கேட்டு வச்சுக்கோங்க.

செலவைக் குறைக்கணும்னு பட்டன் செல்லுக்கு மட்டும் போகாதீங்க. விழுங்கினால் குழந்தையோட உணவுக்குழாயைச் சில மணி நேரத்திலேயே அரிச்சிடும். ஏஏ-யே இருக்கட்டும், பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ கட்டாயம் போடுங்க. காதில் வச்சுக் கேட்பது குழந்தைங்க வழக்கம். வால்யூமை உங்க காதுக்குப் பக்கத்தில் வச்சுப் பார்த்து, கூசினால் அந்த 1.5 கிலோ ஓமை 1 கிலோவா இறக்கிடுங்க.