அஞ்சுநாட்டுப் பழைய ஆவணங்கள், நினைவுகள் யாரிடமாவது உண்டா?

வணக்கம் உறவுகளே. இடுக்கி மாவட்டத்தின் அஞ்சுநாட்டு வரலாற்றைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டக்குடி ஆகிய ஐந்து ஊர்கள். கேரளத்தில் கிழக்கே ஓடும் மூன்று ஆறுகளில் ஒன்றான பாம்பாறு இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் அமராவதிக்கு வருகிறது.

மறையூர் சந்தனமும், 2019ல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லமும் எல்லோருக்கும் தெரியும். பாறைமேல் இருக்கும் கல்திட்டைகளை, அதாவது பழங்காலத்து ஈமச் சின்னங்களைப் பற்றியும் நிறைய எழுதிவிட்டார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பங்களைப் பற்றித்தான் எழுத்தில் கிடைப்பது மிகக் குறைவு. மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்தோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1877ல் பூஞ்சாறு அரசர் ஜான் டேனியல் மன்றோ துரைக்கு எழுதிக்கொடுத்த, மூணாறு பக்கத்துக் கண்ணன் தேவன் மலைக் குத்தகைப் பத்திரத்திலும் அஞ்சுநாட்டின் பெயர் வருகிறது. ஆனால் அது மலையின் கதை, மக்களின் கதை அல்ல.

எனக்கு வேண்டியவை: பழைய நிலப்பத்திரம், ஓலைச்சுவடி, ஊர்க்கூட்டத் தீர்ப்புக் குறிப்பு, திருவிழாப் படம். முக்கியமாக, சாலை வருமுன் உடுமலை, பழனிச் சந்தைகளுக்குச் சரக்கு எந்த வழியாக, எப்படிப் போனது? 1956ல் மாநில எல்லை பிரிந்தபோது வீடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள்?

உங்கள் தாத்தா பாட்டி அந்தப் பக்கம் என்றால், தயவுசெய்து இப்போதே கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்துவிடுங்கள். அசல் ஆவணம் எதுவும் எனக்கு வேண்டாம், தெளிவான படம் போதும். விவரம் இருந்தால் கீழே எழுதுங்கள், நானே தொடர்புகொள்கிறேன்.