மண்ணில்லா விவசாயத்தில் உரம் எடை போடுவதும் தண்ணீர் அளப்பதும்: மறக்க முடியாத உங்கள் அனுபவம்

மாடிக்கீரை, திருச்சி:

செடிக்குப் போரான் சத்துக்காகப் போடும் போரிக் ஆசிட் விஷயம்தான். எங்கள் தெருவில் என்எஃப்டி குழாய் (உரக் கரைசல் மெல்லிதாக ஓடும் குழாயில் செடி வளர்ப்பது) போட்டிருக்கும் ஒருவர் வீட்டில் பார்த்தது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. 200 லிட்டர் டிரம்முக்கு அவர் போட்ட கணக்கு 0.57 கிராம். 0.01 கிராம் வரை காட்டும் பாக்கெட் தராசு, புதிது. காகிதத்தை வைத்து டேர் செய்துவிட்டு (அதன் எடையைக் கழித்துப் பூஜ்யமாக்கிவிட்டு), கரண்டி நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டுகிறார். 0.00. இன்னும் தட்டுகிறார். அப்போதும் 0.00. காகிதத்தின் நடுவில் தூள் வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரிகிறது, தராசு மட்டும் ஒன்றுமே இல்லை என்கிறது. திடீரென்று 0.06 என்று எழுந்து, அப்புறம் ஒழுங்காக 0.57-க்கு வந்து நின்றது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. காகிதத்தின் எடையை முன்பே குறித்து வைத்திருந்தோம். எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தராசை அணைத்துப் போட்டு, தூளோடு மறுபடி வைத்தோம். காகிதத்தைக் கழித்தால் 0.71.

கடைத்தெருவில் நகை ரிப்பேர் பார்க்கும் பத்தரிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "பூஜ்யத்துல நிக்கிற தராசுல மெதுவா தூவினா, அது காத்தாலயோ சூட்டாலயோ வந்த ஆட்டம்னு நெனச்சு மறுபடி பூஜ்யத்துக்கே இழுத்துக்கும்மா. ஒரு எடைக்கல்லை வைங்க, டேர் பண்ணாதீங்க, அது மேல போடுங்க" என்றார். 50 கிராம் கல் வைத்துப் பார்த்தோம். காகிதத்தோடு சேர்த்து வந்த எண்ணிலிருந்து ஒவ்வொரு தட்டலுக்கும் நகர்ந்தது. 0.71 போட்டிருந்தாலும் போரான் 0.5 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) பதில் 0.62 ஆகியிருக்கும், கீரைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதே மனிதர் காப்பர் சல்பேட்டையும் அதே தராசில்தான் போடுகிறார். அங்கே தேவையே 0.04 கிராம்.

கடற்காற்று, சென்னை:

தராசைப் பற்றிப் பேசுகிறோம். தராசில் வைக்கும் பொருளை யார் பார்ப்பது?

கால்சியம் நைட்ரேட். நவம்பர் மாதம், அடைமழை. வழக்கமாக வாங்கும் கடையில் 25 கிலோ மூட்டையைப் பிரித்து ஒரு கிலோ பாலிதீன் பைகளாகக் கட்டி விற்கிறார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தால் பையின் அடியில் வெல்லப்பாகு மாதிரி ஒழுகுகிறது. ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் சரியாக ஒரு கிராம் போட்டு ஈசி (எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மின்கடத்துத்திறன்) பார்த்தேன். நல்ல சரக்காக இருந்தால் 1.2 பக்கம் வரவேண்டும். வந்தது 0.9. அதாவது கிலோவில் கால்வாசி வெறும் ஈரம்.

பையை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். கடைக்காரர் கோபப்படவில்லை. அதைத் தன் தராசில் வைத்து என் பக்கம் திருப்பிக் காட்டி, "கரெக்டா ஒரு கிலோ இருக்கே சார்" என்றார். இருந்தது! முத்திரை குத்திய தராசு, எடையில் ஒரு குறையும் இல்லை. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு என்ன பதில் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

இப்போது சீல் பிரிக்காத பையாக மட்டும் வாங்குகிறேன். பிரித்த அன்றே முழுவதையும் கரைத்துவிடுவேன். ஒரு கிலோ உப்பை ஏழெட்டு லிட்டரில் கரைத்து, பிறகு 10 லிட்டர் கோடு வரை நிரப்ப வேண்டும். உப்பின் மேல் 10 லிட்டர் தண்ணீரை ஊற்றினால் மொத்தம் 10-ஐத் தாண்டிவிடும். 0.01 தராசு வாங்கியவர்கள்கூட இந்த வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை.

வெண்காயவயல், யாழ்ப்பாணம்:

எங்கட பக்கம் பலரும் அல்பர்ட் கலவை எண்ட உரக்கலவைதான் பாவிப்பது. ரொறன்ரோவில் இருக்கிற மச்சாள் மாஸ்டர்பிளெண்ட் எண்ட இன்னொரு உரக்கலவையின் அளவு அனுப்பினா: ஒரு கேலனுக்கு மாஸ்டர்பிளெண்ட் 2.4 கிராம், கல்சியம் நைத்திரேற்று 2.4, எப்சம் உப்பு 1.2. அவவின் சலாது கடும் பச்சை, என்னுடையது வெளிறிப் போய் நின்றது. தராசு பிழை என்று அவ, தண்ணீர் பிழை என்று நான். கன நாள் கதைத்தோம்.

ஒருநாள் வீடியோவில் அவ தன் கேலன் கானைத் தூக்கிக் காட்டினா. நானும் என்னுடையதைத் தூக்கினேன். கையில் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது, என்னுடையது பெரிது. அவவுடையது அமெரிக்க கேலன், 3.785 லீற்றர். எங்கட வீட்டில் மண்ணெண்ணெய்க் காலத்தில் இருந்து இருக்கிறது ஆங்கிலேயர் விட்டுப்போன கேலன், 4.546 லீற்றர். இரண்டு பேரின் தராசும் சரி, இரண்டு பேரும் போட்ட கிராமும் சரி, என்னுடைய கரைசல் மட்டும் 17 வீதம் ஐது (நீர்த்தது). கேலனில் எழுதின எந்தக் குறிப்பையும் இப்ப லீற்றருக்கு மாற்றாமல் நான் தொடுவதில்லை.

தொழிற்பட்டறை, கோவை:

நண்பர் வீட்டு மாடியறையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தராசில் எண் 1.32, 1.38, 1.35 என்று ஆடிக்கொண்டே இருந்தது. தராசு கெட்டுவிட்டது, திருப்பி அனுப்பப் போகிறேன் என்று பெட்டியில் வைக்கப் போனார். எழுந்து மின்விசிறியை நிறுத்தினேன். 1.35-இல் ஆணி அடித்தாற்போல நின்றது. அவ்வளவுதான் கதை.

ஆனால் இங்கே எழுதியிருப்பதைப் படித்த பிறகு சிலவற்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தராசு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். கால்சியம் நைட்ரேட், 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்), 0:52:34 (மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்), மெக்னீசியம் சல்பேட் இவற்றுக்கு 5 கிலோ தாங்கும், ஒரு கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். போரான், காப்பர் போல மிகக் கொஞ்சமாகத் தேவைப்படும் நுண்ணூட்டத்துக்கு 200 கிராம் தாங்கும் 0.01 தராசு. அந்த 200-இல் பாத்திரத்தின் எடையும் அடங்கும் என்பதை மறந்து எவர்சில்வர் டப்பாவைத் தூக்கி வைக்கிறார்கள். டப்பாவே 150 கிராம் இருந்தால் மிச்சம் என்ன? தராசு காட்டும் கடைசி இலக்கத்தைப் போல 100 மடங்காவது நிறுத்தால்தான் ஒரு சதவீதத் துல்லியம் கிடைக்கும். 0.01 தராசு என்றால் ஒரு கிராமுக்குக் கீழே அதை நம்பாதீர்கள். அதற்கும் கீழே வேண்டுமென்றால் 0.001 தராசு வாங்கிவிடுங்கள்.

அளவு சரிதானா என்று பார்க்க எம்1 வகுப்பு (எடைக்கல்லின் துல்லியத் தரம்) 100 கிராம் கல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் அனுமதிக்கும் பிழை 5 மில்லிகிராம்தான். கல் இல்லையென்றால் 5 ரூபாய் நாணயம், 6 கிராம்.

தண்ணீருக்கு வருகிறேன். வாளியில் அச்சடித்திருக்கும் "20 லிட்டர்" விளிம்பு வரைக்கா, கோடு வரைக்கா என்று யாரும் கேட்பதில்லை. நீல டிரம்மை விளிம்பு வரை நிரப்பினால் 200-ஐத் தாண்டிவிடும். தண்ணீரை அளக்காதீர்கள், நிறுங்கள். 30 டிகிரியில் ஒரு லிட்டர் 996 கிராம். கிலோவை லிட்டர் என்றே எடுத்துக்கொண்டாலும் பிழை அரை சதவீதத்துக்குள்தான். சூட்கேஸ் எடை பார்க்கும் கொக்கித் தராசில் காலி வாளியைத் தொங்கவிட்டு டேர் செய்து, 20 கிலோ வரும் வரை ஊற்றி, மார்க்கரால் கோடு போடுங்கள். அந்த வாளியால் டிரம்மை நிரப்பி டிரம்மிலும் கோடு போடுங்கள். குழாயில் ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரையும் சேர்த்துத்தான் உரத்தைக் கணக்கிட வேண்டும்.

சென்னைக்காரர் ஈசி மீட்டரை வைத்து ஈரத்தைக் கண்டுபிடித்தது நல்ல யோசனை. ஆனால் அந்த மீட்டரை 1.413 திரவத்தில் (ஈசி இவ்வளவு என்று முன்பே தெரிந்த திரவம்) சரிபார்த்தாரா என்று எழுதவில்லையே. அதைச் செய்யாமல் கடைக்காரரிடம் போகக் கூடாது.

கடற்காற்று, சென்னை:

அதே வாரம் சரிபார்த்ததுதான் சார். பையின் அடியில் ஒழுகியதைப் பார்க்க மீட்டர் தேவையில்லை.

மூன்றாம் மாடி, மதுரை:

கோவை சார், எந்த 5 ரூபாய் நாணயம்? 6 கிராம் என்பது 2011 வரிசைப் பித்தளை நிற நாணயம். 2019 வரிசையில் வந்தது 6.74 கிராம். பழைய தடித்த நாணயம் 9 கிராம். இதைப் படித்துவிட்டு யாராவது சில்லறை டப்பாவில் கையை விட்டு, கிடைத்ததை வைத்துத் தராசைத் திருத்தினால் பாழ்.

0.001 தராசும் வேண்டாம் என்பேன். அதற்குக் காரணமான சம்பவம் இது. ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். மாலிப்டினம் என்ற நுண்ணூட்டம் பற்றிச் சொல்லும்போது பயிற்சியாளர், "இது ரொம்பக் கொஞ்சம்தான், ஒரு சிட்டிகை போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார். எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா கையை உயர்த்தி, "யாரோட சிட்டிகை?" என்று கேட்டார். வகுப்பே அமைதியாகிவிட்டது. அவர் விடவில்லை. கையுறை போட்டுக்கொண்டு நாலைந்து பேர் சோடியம் மாலிப்டேட்டை ஒவ்வொரு சிட்டிகை எடுத்துத் தராசில் வைத்தோம். ஒருவருக்கு 0.15, இன்னொருவருக்கு 0.44. 200 லிட்டருக்கு 0.05 பிபிஎம் வர வேண்டியது வெறும் 0.025 கிராம். மிகச் சிறிய சிட்டிகையே ஆறு மடங்கு!

அந்த அம்மாவே வழியும் சொன்னார். 2.5 கிராம் நிறுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து, ஒரு லிட்டருக்கு நிரப்புங்கள். அதில் 10 மில்லி எடுத்தால் 25 மில்லிகிராம் கையில். மருந்துக்கடையில் கிடைக்கும் 10 மில்லி சிரிஞ்சு போதும். பீக்கரில் இருக்கும் கோட்டை நம்ப வேண்டாம், அது உத்தேசத்துக்குப் போட்டது. காப்பர், ஜிங்க் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். திருச்சி அக்கா, உங்கள் தெருக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். சாதாரணத் தராசே போதும் அவருக்கு.

புதினாக்கட்டு, சேலம்:

கரைசலாகச் செய்து வைக்கச் சொல்பவர்கள் எதில் வைப்பது என்று சொல்லவில்லை. என் அக்கா வீட்டில் இரும்பு ஈடிடிஏ (செடிக்கு இரும்புச்சத்து தரும் உரம்) கரைசலைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி, குளிரட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்கள். பார்க்க டிகாக்ஷன் நிறம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் மூடியைத் திறந்து வாய்க்கிட்டே கொண்டுபோய்விட்டான். நான் கத்திய கத்தலில் பாட்டிலைக் கீழே போட்டான். தரையில் அந்தக் கறை இன்னும் போகவில்லை.

பழுப்பு நிற மருந்து பாட்டில் வாங்குங்கள். வெளிச்சம் பட்டால் இரும்புக் கரைசல் கெடும், அதற்கும் அதுதான் நல்லது. ஃபிரிட்ஜ் வேண்டாம், பூட்டு உள்ள அலமாரி போதும். உப்பின் பெயர், எத்தனை கிராம், எத்தனை லிட்டர், கரைத்த தேதி, நாலையும் எழுதி ஒட்டுங்கள்.