மறு: மல்டிபிளெக்ஸ் வயரிங்குக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். காரில் ஒவ்வொரு விளக்குக்கும் தனி வயர் இழுக்காமல், பொதுவான இரண்டு வயரில் செய்தி அனுப்பி இயக்குகிற முறைதான் மல்டிபிளெக்ஸ் வயரிங். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்தக் குழுவில் வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> "பல்லிணைப்பு" போதாதா? புதுச்சொல் எதற்கு?

பினாங்கு ஐயாவுக்கு: தொலைபேசித் துறைக்கு அது போதும், பட்டறைக்குப் போதாது. பல்லிணைப்பு என்றால் கோலாலம்பூர் செகாம்புட்டில் உள்ள எங்கள் பட்டறைப் பையன்கள் 'நிறைய கனெக்‌ஷன்' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நாங்கள் செய்வதோ கனெக்‌ஷனைக் குறைக்கிற வேலை. இன்னொருவர் சொன்ன "பன்மையாக்கம்" இன்னும் மோசம். ஒன்றைப் பலவாக்குவது போலக் கேட்கிறது.

வேலையைச் சொல்லிவிடுகிறேன், சொல் அதிலிருந்தே வரட்டும். பட்டறையில் லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் பாணியில் ஒரு கிட் கார், அதாவது பாகங்களாக வாங்கி நாமே பூட்டுகிற கார், கட்டுகிறார்கள். பின்பக்கத்தை மட்டும் பாருங்கள்: பார்க்கிங் லைட், பிரேக் லைட், இரண்டு சிக்னல், ரிவர்ஸ் லைட், நம்பர் பிளேட் லைட், பெட்ரோல் பம்ப், பெட்ரோல் மீட்டர். பழைய முறையில் ஒவ்வொன்றுக்கும் முன்னாலிருந்து ஒரு வயர். போதாததற்கு மட்கார்டு ஃபைபர் கிளாஸ், கரண்ட் கடத்தாது. இரும்பு பாடி என்றால் எர்த்தைப் பக்கத்துத் தகட்டிலேயே முடுக்கிவிடலாம். இதில் எர்த்துக்கும் தனி வயர் இழுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து கைத்தடிமன் கற்றையாகிவிடுகிறது.

புது முறையில் பின்னால் ஒரு பெட்டி உட்காருகிறது. அதற்குப் பேட்டரியிலிருந்து தடித்த வயர் ஒன்று, எர்த் ஒன்று, ஒன்றோடொன்று முறுக்கிய சன்ன வயர் இரண்டு. சிக்னல் சுவிட்சைத் தட்டினால் விளக்குக்கான கரண்ட் சுவிட்ச் வழியாகப் போவதில்லை. 'இடது சிக்னல் போடு' என்ற செய்திதான் சன்ன வயரில் ஓடுகிறது. பின்பெட்டி அதைக் கேட்டு விளக்கை எரிய விடுகிறது. ரிலே, பியூஸ் வேலையையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

முன்பெட்டி, டாஷ்போர்டுப் பெட்டி, பின்பெட்டி மூன்றும் அதே இரண்டு சன்ன வயரில்தான் பேசுகின்றன. யார் எப்போது பேசுவது என்று நிலையான வரிசை கிடையாது. ஒவ்வொரு செய்திக்கும் ஓர் எண் உண்டு. இரண்டு பெட்டி ஒரே நேரத்தில் வாய் திறந்தால், சிறிய எண் கொண்ட செய்தி முந்தும், மற்றது காத்திருந்து மறுபடி அனுப்பும். ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986இல் அறிவித்த கேன் (CAN) முறை இதுதான். ஆகவே சாரம் 'பல' என்பதில் இல்லை, பகிர்வதில் இருக்கிறது. அந்த இரண்டு வயருக்குப் பகிர்தடம், மொத்த அமைப்புக்குப் பகிர்தட வயரிங் என்று முன்மொழிகிறேன். அந்தத் தடத்துக்கு ஆங்கிலத்தில் சொல்கிற 'டேட்டா பஸ்'ஸைத் "தரவுப் பேருந்து" என்று ஒருவர் எழுதியதைப் பார்த்துச் சிரித்தோம். ஆனால் பஸ் என்ற சொல்லே 'எல்லாருக்கும்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லான ஆம்னிபஸ்ஸின் வால்தான். அந்த வகையில் 'பகிர்' வேருக்கும் தூரமில்லை.

> வயரிங்கை அப்படியே விட்டால் அது எப்படித் தமிழ்? "கம்பியமைப்பு" என்றாவது வையுங்கள்.

நூலில் வைத்துக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. பட்டறைத் தாளில் வேண்டாம். வயர்மேன் என்று வாய்நிறையச் சொல்கிற ஊரில் கம்பியமைப்பு என்று எழுதினால் வேலி கட்ட ஆள் வந்து நிற்பார்.

அப்புறம் மாட்யூல், அதாவது மேலே சொன்ன பெட்டி. "தொகுதி" என்றால் இங்கே முதலில் தேர்தல்தான் நினைவுக்கு வரும். செந்தூல் அண்ணன் சொன்ன கணுப்பெட்டிக்கே என் ஓட்டு. கரும்பில் முளை விடுவது கணுவில். இதிலும் கிளை வயர்கள் புறப்படுவது பெட்டியில். முன்கணு, பின்கணு என்று சுருக்கவும் வருகிறது.

ஒரு சொல்லை எல்லாரும் மறந்துவிட்டோம். எல்லாவற்றையும் பகிர்தடத்தில் ஏற்ற எனக்கு மனமில்லை. ஸ்டார்ட்டரும் பிரேக் லைட்டும் சுவிட்சிலிருந்து தனி வயரிலேயே போகட்டும். ஒரு பெட்டி படுத்துவிட்டால் பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நாம் பிரேக் போட்டது தெரிய வேண்டும். அந்த வயரை நேர்வயர் எனலாம். படத்தில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது குழப்பமிருக்காது.

கடைசியாக, பகிர்தடத்தின் இரு முனையிலும் மாட்டுகிற 120 ஓம் ரெசிஸ்டர். இதற்கு "முடிவுறுத்தி" என்று வந்திருக்கிறது. கேட்டாலே பயமாக இருக்கிறது. முனைத்தடை போதும். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு சன்ன வயருக்கும் குறுக்கே மீட்டர் வைத்தால், இரண்டு தடையும் இணையாக இருப்பதால் பாதியாகி 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால், 'ஒரு முனைத்தடை கழன்றிருக்கு' என்று பையன் காருக்கு அடியில் படுத்தபடியே கத்திச் சொல்ல முடிகிறதா? முடிகிறது. முடிவுறுத்தியை அப்படிக் கத்திப் பாருங்கள்.

வேறு யோசனை இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை வயரிங் படம் அச்சுக்குப் போகிறது. டாஷ்போர்டுப் பெட்டிக்கு மட்டும் இன்னும் பெயர் அமையவில்லை. "நடுக்கணு" என்று தற்காலிகமாகப் போட்டு வைத்திருக்கிறேன்.