வெள்ளிக்கிழமை ஆனால் ஊருக்குக் கிளம்புவதா, சென்னையிலேயே இருந்து பழகுவதா?

தாமிரபரணிக்கரை (திரியைத் தொடங்கியவர்)

பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆனித் தேரோட்டம் முடிந்த கையோடு வந்தேன், இப்போது கார்த்திகை. வேலை சோழிங்கநல்லூரில், அறை மேடவாக்கத்தில். வேலை நாட்களில் ஒன்றும் தெரிவதில்லை. சனி, ஞாயிறுதான் தாங்க முடியவில்லை. அறையில் கூட இருக்கிற இருவருக்கும் ஊர் பக்கம் என்பதால் வெள்ளி மாலையே போய்விடுவார்கள். துணி துவைத்து, போன் பார்த்து, தூங்கி எழுந்தால் மணி நாலு. ஞாயிறு இரவு மெஸ்ஸும் கிடையாது. போன ஞாயிறு முழுக்க நான் வாய் திறந்து பேசியது டீக்கடையில் மட்டும்தான்.

அதனால் மாதத்தில் மூன்று வாரம் ஊருக்குப் போய்விடுகிறேன். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் போய்ச் சேரவே ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து ஏறக்குறைய 600 கிலோமீட்டர். சனி காலை வீடு, ஞாயிறு இரவு மறுபடியும் பஸ், திங்கள் காலை இறங்கி அப்படியே அலுவலகம். உடம்பு அலுக்கிறது, பணமும் நிற்கவில்லை. ஆனால் போகாமல் இருந்தால் மனது நிற்கவில்லை. கல்லூரி வரை பூப்பந்து (பால் பேட்மிண்டன்) ஆடியவன், இப்போது அதுவும் இல்லை. இதே நிலைமையில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள்? உண்மையான பதில் வேண்டும்.

நங்கநல்லூர் அக்கா

தம்பி, நேராகச் சொல்கிறேன். மூன்று மாதத்துக்கு ஊருக்குப் போகாதீர்கள். பொங்கலுக்குப் போங்கள், அதோடு சரி.

நான் நாகர்கோவிலிலிருந்து வந்து பதினாறு வருடம் ஆகிறது. முதல் ஒரு வருடம் நீங்கள் செய்வதைத்தான் செய்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகம், மற்ற இரண்டு நாள் ஊர். சென்னையில் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்பதே இல்லை. ஒரு ஊரில் யாருக்கும் அறிமுகம் கிடைப்பது சனி, ஞாயிறில்தான். பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்பது, கோயிலில் கூட்டம் சேர்வது, மைதானத்தில் ஆட்டம் நடப்பது எல்லாம் அன்றைக்குத்தான். அந்த இரண்டு நாளும் நீங்கள் பஸ்ஸில் இருந்தால் ஊர் எப்படிப் பழகும்?

முதல் மூன்று ஞாயிறு கொடுமையாகத்தான் இருக்கும். நான் அழுதே இருக்கிறேன். நாலாவது ஞாயிறு அவ்வளவு இல்லை.

பொதிகைப் பயணி

இதை நான் கடுமையாக மறுக்கிறேன். ஊருக்குப் போவதை ஏதோ விட வேண்டிய கெட்ட பழக்கம் மாதிரி எல்லோரும் பேசுகிறீர்கள்.

எனக்குத் தென்காசி. நாலு வருடம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தவறாமல் போனேன். அப்போது அப்பா இருந்தார். சனிக்கிழமை காலை அவரோடு சந்தைக்குப் போவது, மதியம் ஒன்றாகச் சாப்பிடுவது, அவ்வளவுதான். பெரிதாக எதுவும் பேசியதில்லை. ஐந்தாம் வருடம் அவர் இல்லை. அக்கா சொல்கிற மாதிரி "சென்னையைப் பழகுகிறேன்" என்று இருந்திருந்தால் அந்த நாட்கள் எனக்குக் கிடைத்திருக்குமா? வேளச்சேரியில் யாரோ நாலு பேரைத் தெரிந்துகொள்வதற்காக அதைக் கொடுக்க முடியுமா?

தம்பிக்கு என் யோசனை: பஸ்ஸை விடுங்கள், ரயிலுக்கு மாறுங்கள். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாள் முன்னால்தான் திறக்கிறது (அதற்கு முன் 120 நாள்). காலண்டரை வைத்துக்கொண்டு மாதம் இரண்டு பயணம் குறித்து, திறக்கிற அன்றே போட்டுவிடுங்கள். மேடவாக்கத்துக்குத் தாம்பரம் பக்கம். நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரத்தில் ஏறிப் படுத்தால் காலையில் ஊர். அலுப்பு பாதியாகக் குறையும்.

தரமணி வாசகன்

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இதில் ஒரு கணக்கும் இருக்கிறது, அதை யாரும் எடுக்கவில்லை.

அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். அதற்காக அவர் கேட்டவர்களில் 355 பேர் அப்போதுதான் புது ஊருக்குக் குடிவந்து ஆறு மாதத்துக்குள் இருந்தவர்கள், தம்பியைப் போலவே. அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது, நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பர் ஆக 200க்கு மேல் என்று அதில் வந்தது. இன்னொன்றும் வந்தது: சேர்ந்து வேலை பார்க்கிற மணி நேரம் அவ்வளவாகக் கணக்கில் ஏறுவதில்லை. ஐந்து மாதம் ஒரே அலுவலகத்தில் இருந்தும் ஞாயிறு அன்று கூப்பிட ஒரு ஆள் இல்லை என்றால் அது உங்கள் குறை இல்லை.

வாரம் நாலு மணி நேரம் ஒரே ஆட்களோடு இருந்தால் 50 மணியைத் தொட மூன்று மாதம். மாதத்தில் ஒரு வாரம்தான் இங்கே இருக்கிறீர்கள் என்றால் அதற்கே ஒரு வருடம் ஆகும். அக்கா அனுபவத்தில் சொன்ன மூன்று மாதமும் இந்தக் கணக்கும் ஒத்துப்போவது எனக்கே ஆச்சரியம்.

பொதிகைப் பயணி

நட்பை மணிக்கணக்கில் அளப்பது எனக்கு ஒட்டவில்லை, வாசகரே. தம்பி கேட்டது சலிப்பு தீர வழி, நீங்கள் சொல்வது ஒரு வருடத் திட்டம். இந்த ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அவர் என்ன செய்வார்?

ஆதம்பாக்கம் 88

மகாபலிபுரம், செம்மொழிப் பூங்கா, கிண்டி பாம்புப் பண்ணை, மெரினா, அருங்காட்சியகம். வாரம் ஒன்று என்று போங்கள் ப்ரோ. பொழுது போய்விடும்.

தரமணி வாசகன்

பட்டியல் உதவாது, ஆதம்பாக்கம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஐந்து வாரத்தில் பட்டியல் தீர்ந்தது, ஆறாவது வாரம் அதே அறை, அதே கூரை. பார்த்த இடங்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது. அங்கே குடும்பம் குடும்பமாக வந்தவர்களைப் பார்க்கப் பார்க்கத் தனிமை கூடியதுதான் மிச்சம்.

எனக்கு மாறியது ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனபோதுதான். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, 2010இல் திறந்தது. உள்ளே உட்கார்ந்து படிக்கக் காசு இல்லை. நம்முடைய புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் தனியாக இடம் உண்டு. அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள். ஞாயிறுதோறும் அதே மேசைப் பக்கம் உட்கார்ந்தேன். இரண்டு மாதம் யாரோடும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் "பையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள், சாப்பிட்டு வருகிறேன்" என்றார். அடுத்த வாரம் நானும் கேட்டேன். இப்போது அவர் தங்கை கல்யாணத்துக்குத் திருவண்ணாமலை போய் வந்திருக்கிறேன்.

பொதிகைப் பயணி கேட்ட "இந்த ஞாயிறு மூன்று மணிக்கு" இதுதான் என் பதில். ஒரே இடம், ஒரே நேரம். பேச்சு வரும்போது வரட்டும்.

மழைக்காலக் குயில்

நான் ஒரு பெண் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஊரோடு பழகு" என்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. என் விடுதியில் இரவு ஒன்பதரைக்குக் கதவு. கடற்கரையில் தனியாக அரை மணி நேரம் உட்கார்ந்தால் யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள். தேநீர்க் கடையில் நின்று நாலு பேரோடு பேச்சுக் கொடுக்க என்னால் முடியாது. சேலத்துக்குப் போகாத வாரங்களில் எனக்கு விடுதி அறை ஒரு அடைப்பாகவே இருந்தது. அதனால் பொதிகைப் பயணி பக்கம்தான் என் மனது முதலில் சாய்ந்தது.

எனக்கு வழிவிட்டது இரண்டு விஷயம். ஒன்று பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. காசு யோசிக்காமல் ஞாயிறு காலை ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய், இறங்கி, நடந்து, அதே பஸ்ஸில் திரும்பினேன். எந்தத் தெரு எங்கே போகிறது என்று தெரிந்த பிறகு பயம் பாதி போய்விட்டது. இரண்டாவது, வீணை வகுப்பு. சின்ன வயதில் விட்டது. மயிலாப்பூரில் ஒரு டீச்சர் வீட்டில் சனிக்கிழமை காலை ஆறு பேர். போன மார்கழியில் அந்த ஆறு பேரும் சேர்ந்து சபா சபாவாகப் போனோம். பல சபாக்களில் பகல் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது, மாலைக் கச்சேரிக்குத்தான் காசு. மதியம் கேட்டுவிட்டு கேன்டீனில் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குள் விடுதிக்கு வந்துவிடலாம்.

அக்கா, நீங்கள் சொன்ன மூன்று மாதத் தடை ஒரு பெண்ணுக்குச் சரிவராது என்றுதான் இன்னும் நினைக்கிறேன். போக ஒரு இடம் முதலில் கிடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஊர்ப் பயணத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டும்.

நங்கநல்லூர் அக்கா

குயில், நீ சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் வந்தபோது அண்ணன் வீடு பக்கத்தில் இருந்தது, அதை மறந்துவிட்டு எழுதிவிட்டேன். இடம் முதலில், தடை அப்புறம்.

ஆனால் பொதிகைப் பயணிக்கு ஒன்று. உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நீங்கள் போனது அப்பாவுக்காக. இந்தத் தம்பி போவது ஞாயிறு மதியத்துக்குப் பயந்து. அவரே எழுதியிருக்கிறார், அம்மா அப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. பயந்து ஓடுகிற ஒருவர் ஊரிலும் முழுதாக இருக்க மாட்டார். ஞாயிறு காலையிலிருந்தே பஸ் நேரம் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்.

திருவான்மியூர் அலை

இரவில் வெளியே வர முடிகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தை பிறந்ததும் இந்தக் கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். 1988 முதல் மாணவர்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு பாதுகாப்புக் குழு இருக்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஏறக்குறைய 7 கிலோமீட்டர், இரவு முழுக்க மணலில் நடந்து முட்டைக் குழிகளைத் தேடுவார்கள். நாயும் மனிதரும் தொடாதபடி முட்டைகளை எடுத்துவந்து வேலி கட்டிய பொரிப்பகத்தில் புதைப்பார்கள். ஒன்றரை, இரண்டு மாதத்தில் குஞ்சு வெளியே வரும். வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம்.

இது வேடிக்கை பார்க்கிற விஷயம் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். முதல் மூன்று இரவு எனக்கு ஒரு ஆமைகூடக் கண்ணில் படவில்லை. வழியில் செத்து ஒதுங்கியதைத்தான் பார்த்தேன். ஆனால் பக்கத்தில் நடந்தவர்களோடு விடிய விடியப் பேசியிருக்கிறேன். இருட்டில் முகம் தெரியாததால் பேச்சு சுலபமாக வருகிறது. நாலாவது இரவு ஒரு குழியில் முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினோம். அன்றைக்குத்தான் சென்னை எனக்கும் ஊர் என்று தோன்றியது.

தாமிரபரணிக்கரை

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். அக்கா சொன்னது சுட்டது, உண்மையும்கூட. ஊரில் இருக்கிற ஞாயிறு காலையில்கூட நான் வீட்டில் முழுதாக இருப்பதில்லை. அம்மா சொதி வைத்திருப்பார்கள், நான் சாப்பிட்டுக்கொண்டே பஸ் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் மூன்று மாதம் போகாமல் இருக்க என்னால் முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாதம் இரண்டு தடவை, ரயிலில். மற்ற இரண்டு வாரம் இங்கே. எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. நூலகத்தில் உட்காருகிற ஆள் நான் இல்லை. ஆமைக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது.

பொதிகைப் பயணி

மாதம் இரண்டு என்றால் எனக்குச் சம்மதம் தம்பி. ஆனால் ஒன்று, போகிற வாரத்தில் திங்கள் ஒரு நாள் விடுப்பு சேர்த்துப் போங்கள், எல்லாப் பயணத்துக்கும் முடியாவிட்டாலும் இரண்டுக்கு ஒன்றாவது. ஞாயிறு இரவு வீட்டில் படுத்துத் தூங்குவது வேறு. அடுத்த ஆனித் தேரோட்டத்துக்கு இப்போதே விடுப்பு சொல்லிவையுங்கள். சென்னை நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள் என்று அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை, அக்கா. பயந்து ஓடினாலும் ஓடிப்போய்ச் சேருகிற இடம் வீடாக இருந்தால் அதில் தப்பு இல்லை.

பள்ளிக்கரணை ஐவர்

இவ்வளவு பேர் எழுதியும் ஒருவரும் கவனிக்கவில்லையே! தம்பி முதல் பதிவிலேயே பூப்பந்து ஆடுவேன் என்று எழுதியிருக்கிறார்.

மேடவாக்கத்திலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு பள்ளி மைதானம். ஞாயிறு காலை ஆறு முதல் ஒன்பது வரை நாங்கள் ஆடுகிறோம். வங்கியில் இருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர் என்று ஒன்பது பேர். பக்கத்துக்கு ஐந்து பேர் வேண்டும், ஒரு ஆள் எப்போதும் குறையும். மஞ்சள் பந்து வாங்கக் கடை தேடுகிற மாதிரிதான் ஆளையும் தேட வேண்டியிருக்கிறது, இந்தப் பக்கம் எல்லோரும் ஷட்டிலுக்குப் போய்விட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் வாசலில் இட்லிக் கடை. பேசிக் கலைய பத்தரை ஆகிவிடும். எந்த இடத்தில் ஆடுவீர்கள்?

தாமிரபரணிக்கரை

அண்ணே, பேக் ரைட். ஆடி மூன்று வருடம் ஆகிறது. மட்டை ஊரில், பரண்மேல் இருக்கிறது. அடுத்த வாரம் ஊருக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு, அதற்கடுத்த ஞாயிறு வரலாமா?

பள்ளிக்கரணை ஐவர்

மட்டை என்னிடம் இரண்டு இருக்கிறது. இந்த ஞாயிறே வாருங்கள். மழை பெய்தால் ஆட்டம் இல்லை, ஆனால் இட்லிக் கடை உண்டு. ஆறு மணிக்குப் பள்ளியின் பின்பக்க கேட்டில் நில்லுங்கள், முன்பக்கம் பூட்டியிருக்கும்.