மறு: நுழைவு வளைவு நிதி - முதலில் ஆளை எண்ணுவோம்

அன்புள்ள எல்லோருக்கும்,

நம் ஊர் முகப்பில் நுழைவு வளைவு கட்ட வீட்டுக்கு 150 யூரோ தர வேண்டும் என்று நம் ஊர்ச் சங்கத்தின் மடல் வந்தது. குளக்கரைச் சுவர்க் கணக்கை லண்டன் தம்பி இரண்டு வருஷமாகக் கேட்கிறார். அதற்குப் பொருளாளர் அண்ணன் பதில் சொல்லட்டும். என் கேள்வி வேறு. தைப்பொங்கலுக்குப் போய் வந்த அக்கா, மேலத்தெருவில் இரவு விளக்கு எரிந்தது நாலே வீட்டில்தான் என்றாள். வளைவு வழியாக நுழைந்து யாரைப் பார்க்கப் போகிறோம்?

நான் பாரீசை விட்டு மகளோடு பிரான்சின் தெற்கே அவேரோன் மாவட்டத்துப் பக்கம் வந்தது உங்களுக்குத் தெரியும். கோங்க் என்கிற ஊர். ஊஷ் ஓடை தூர்து ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலே, செங்குத்தான சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேர் திரும்பச் சமதரை கிடையாது. கூரையெல்லாம் பலகைக் கல். இப்படிப்பட்ட மண்ணில் எத்தனை பேர் பிழைக்க முடியும்? 1886இல் இந்த மாவட்டத்தில் 4,15,000 பேர் இருந்தார்கள். இன்று சுமார் 2,80,000. போனவர்கள் பாரீசில் கரிக்கடையும் காப்பிக்கடையும் வைத்தார்கள், நம்மைப் போலவே ஊருக்கு ஊர் சங்கம் வைத்தார்கள். 1884இல் 40 குடும்பங்கள் அர்ஜென்டினாவுக்கே போய்ப் பிகுவே என்று ஊர் கட்டின.

கோங்க்கில் ஆள் 300க்கும் கீழே இறங்கியபோது, 2016 சனவரியில் நாலு ஊராட்சிகள் ஒன்றாகச் சேர்ந்தன. அந்த நாலில் ஆள் அதிகம் ஆற்றோரத்துச் சேன் சிப்ரியானில். ஆனாலும் புது ஊராட்சியின் பெயரில் கோங்க் பெயரை முன்னால் வைக்க ஒத்துக்கொண்டார்கள். வளைவுக்காக ஊர் மானம் பேசும் நம் பெரியவர் இதைக் கவனிக்க வேண்டும். மானம் என்றால் விட்டுக்கொடுப்பதும்தான்.

இங்கே சின்ன ஊர்களில் ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் வீடு வீடாக எண்ணுகிறார்கள். வெளியூரில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு. விடுமுறைக்கு மட்டும் திறக்கிற வீட்டுக்குக்கூட, அரசு மானியம் பிரிக்கும்போது ஒரு ஆள் சேர்க்கிறார்கள். மேரியில், அதாவது ஊராட்சி அலுவலகத்தில், அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளை யாராவது எழுதி வைத்திருக்கிறோமா?

2011இல் அப்பா போனபோது பாடை தூக்க நம் தெருவில் ஆள் இல்லை. பக்கத்து ஊர்ப் பையன்கள் வந்தார்கள். சங்கத்திலிருந்து மலர்வளையம் வந்தது. அதை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

சரி, 150 யூரோவை நான் தருகிறேன், வளைவுக்கு அல்ல. தெருவாரியாக யார் இருக்கிறார்கள், அதில் தனியாக இருக்கும் முதியவர் யார், எந்த வீடு பூட்டியிருக்கிறது, சாவி யாரிடம் என்று எழுத ஒரு பிள்ளையை ஏற்பாடு செய்யுங்கள். கூலி அதிலிருந்து. கீழத்தெருவை அக்கா பார்த்துக்கொள்கிறாளாம். மேலத்தெருவுக்கு யார்?

அன்புடன்,
கோங்க்கிலிருந்து