உதவி தேவை: பால்ரூம், லத்தீன் ஆட்டப் பயிற்சிக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது?

தாளம்தப்பி:
வணக்கம். நானும் வீட்டுக்காரரும் மூன்று மாதமாகச் சென்னையில் பால்ரூம் (ஜோடியாக ஆடும் மேற்கத்திய நடனம்) வகுப்புக்குப் போகிறோம். செவ்வாய், வியாழன் மாலை ஒன்றரை மணி நேரம், முதல் பாதி பால்ரூம் வகையான வால்ட்ஸும் டேங்கோவும், அடுத்த பாதி லத்தீன் வகையான சா-சாவும் ரும்பாவும். ஆட்டம் ஒருவழியாகப் பிடிபடுகிறது, உடைதான் படுத்துகிறது. ஹாலில் ஏசி கிடையாது, நாலு ஃபேன், வழவழ டைல்ஸ் தரை.

முதலில் காட்டன் குர்த்தியும் லெக்கிங்ஸும் போட்டேன். அவர் தோளில் கை வைத்து நிமிர்ந்து நின்றால் குர்த்தி மொத்தமும் மேலே ஏறிக்கொள்கிறது, அரை மணியில் முதுகில் ஒட்டியும் விடுகிறது. அப்புறம் பலாஸோ. பின்னால் அடி வைக்கும்போது என் குதிகாலே துணியில் மாட்டி விழப் பார்த்தேன். ஜிம் டைட்ஸும் டி-ஷர்ட்டும் வசதிதான், ஆனால் 46 வயதில் அதோடு ஆட்டோவில் போய் இறங்கக் கூச்சமாக இருக்கிறது. லத்தீன் பாவாடை என்று இணையத்தில் தேடினால் காட்டுவதெல்லாம் ஒரு முழம்.

காலில் நடைப்பயிற்சிக்கு வாங்கிய ஸ்போர்ட்ஸ் ஷூ, திரும்பும்போதெல்லாம் முட்டியில் சுரீர் என்கிறது. தாலிச் சங்கிலியும் மெட்டியும் கழற்ற மாட்டேன், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

ஊசிநூல்:
குர்த்தி ஏறுவதற்குக் காரணம் கைக்குழி. ரெடிமேடில் எல்லோருக்கும் பொருந்தட்டும் என்று கைக்குழியைக் கீழே இறக்கி வெட்டியிருப்பார்கள், அதனால் கையைத் தூக்கினால் உடம்புத் துணியும் கூடவே கிளம்பி வரும். இதற்கு ஒரு சைஸ் பெரிதாக வாங்கினால் இன்னும் மோசமாகும். உங்கள் தையல்காரரிடம் கைக்குழியை அக்குளை ஒட்டி ஏற்றி வெட்டச் சொல்லுங்கள், அக்குளில் டைமண்ட் வடிவில் சின்னத் துண்டு ஒன்றை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கடையில் வாங்குவதானால் ட்ரயல் ரூமில் பெரிய குடத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி இரண்டு கையையும் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பாருங்கள். கீழ் ஓரம் இரண்டு விரலுக்கு மேல் ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சாசாசா:
துணியையும் மாற்றுங்கள். காட்டன் வெயிலுக்கு நல்லதுதான், ஆனால் ஆட்டத்துக்கு ஒத்துவராது, வியர்வையைக் குடித்துவிட்டு அப்படியே வைத்துக்கொள்ளும். விஸ்கோஸ் லைக்ரா உடம்போடு விழும், இழுத்தால் நீளும். பாலியெஸ்டர் லைக்ரா சீக்கிரம் காயும், ஆனால் அன்றைக்கே துவைக்காவிட்டால் நாறும். சாம்பல் நிறம் மட்டும் வேண்டவே வேண்டாம், ஒரு சொட்டு வியர்வையும் வரைபடம் போலத் தெரியும். கறுப்பு, கருநீலம், பூப்போட்டது எதுவும் சரி.

இன்னொன்று, ரும்பாவில் எடையை ஏற்றும் காலின் முட்டி நேராகிறதா, இடுப்பு அதனோடு நகர்கிறதா என்றுதான் டீச்சர் பார்ப்பார். தொளதொள பேன்ட் போட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது, காசு கொடுத்துப் படித்தும் திருத்தம் கிடைக்காது.

லண்டன்பெரியவர்:
நானும் மனைவியும் இங்கே 20 வருடமாக ஆடுகிறோம். இரண்டு வகைக்கும் ஒரே உடை என்பதில்தான் சிக்கல். வால்ட்ஸில் உங்கள் கணவரின் கால் உங்கள் கால்களுக்கு நடுவே வரும், நீங்கள் நீளமாகப் பின்னால் அடி வைப்பீர்கள். அதற்குக் கீழே விரிந்த பாவாடை வேண்டும், நீளம் கெண்டைக்காலின் பாதிக்கு வந்தால் போதும், தரையைத் தொடுவது போட்டிக்கு ஆடுபவர்கள் பாடு. லத்தீனுக்கு முட்டி வரை. ஒரே வகுப்பில் இரண்டும் என்றால் முட்டிக்கு நாலு விரல் கீழே வையுங்கள், இரண்டுக்கும் ஓடும்.

ஷூதான் முக்கியம், அதை முதலில் மாற்றுங்கள். ரப்பர் அடிப்பாகம் தரையைக் கவ்வும், உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவில் மாட்டுவது முட்டி. ஆட்டத்துக்கென்று வரும் ஷூவின் அடியில் ஸ்வேட் எனும் சொரசொரப்பான தோல் இருக்கும், வழுக்கவும் செய்யும் பிடிக்கவும் செய்யும். அதைத் தெருவில் போட்டு நடக்கக் கூடாது, நனைக்கக் கூடாது, தூசி அடைத்து மழமழவென்றானால் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். தொடங்குகிறவருக்கு ஒன்றரை, இரண்டு அங்குல ஹீல், அடி அகலமாக இருப்பதாகப் பாருங்கள்.

ஊசிநூல்:
பெரியவர் சொன்ன பாவாடையை வாங்கத் தேவையில்லை, தைக்கலாம். முழு அம்ப்ரெல்லா கனமாகிவிடும், அரை வட்டம் போதும். இடுப்பு 34, நீளம் 24 அங்குலம் என்றால் 44 அங்குல அகலத் துணி இரண்டு மீட்டர் வாங்கினால் ஆகிவிடும். க்ரேப் எடுங்கள், ஜார்ஜெட் வியர்வையில் காலோடு ஒட்டும். வெட்டியதும் ஒரு நாள் கொடியில் மாட்டிவிட்டு அப்புறம் ஓரம் அடிக்கச் சொல்லுங்கள், குறுக்கு நெசவாக வரும் இடங்கள் கீழே இறங்கும், அன்றைக்கே அடித்தால் ஒரு மாதத்தில் பாவாடை கோணிக்கொள்ளும். உள்ளே முட்டி வரை லைக்ரா ஷார்ட்ஸ். ஆட்டோவுக்கு மேலே ஒரு நீளக் குர்த்தி, போய்க் கழற்றிக்கொள்ளலாம்.

நடுவரிசை:
தாலிக்கு நான் செய்வது: சங்கிலியை உடைக்குள் விட்டு உள்பக்கப் பட்டையில் ஊக்குப் போட்டுவிடுவேன். இல்லாவிட்டால் டேங்கோவில் அழுத்தி மார்பில் அச்சு விழும், எனக்கு விழுந்தது. மெட்டியில் முத்து, வளையம் வைத்தது வேண்டாம், தட்டையான மெல்லியது பரவாயில்லை. லத்தீன் செருப்பு வாங்கும்போது வார் எந்த விரல் மேல் குறுக்கே வருகிறது என்று பாருங்கள், இரண்டாம் விரல் மேல் வந்தால் அந்த மாடலே வேண்டாம். கொலுசு இருந்தால் அதைமட்டும் கழற்றுங்கள், பாவாடை ஓரத்தைப் பிடித்து இழுக்கும். பின்னலைக் கொண்டை போட்டுவிடுங்கள். நின்ற இடத்திலேயே சுற்றும் ஒரு ஸ்பாட் டர்னில் என் பின்னல் ஜோடிக்காரர் கண்ணாடியைத் தட்டிவிட்டது, அவர் இன்னமும் என்னோடு ஆடும்போது தலையைச் சாய்த்துக்கொள்கிறார்.

தாளம்தப்பி:
எல்லோருக்கும் நன்றி. கேட்டு மூன்று வாரம் ஆகிவிட்டது. கருநீல க்ரேப் பாவாடை தைத்தாயிற்று. "அம்மா, ஒரு நாள் தொங்கவிடணுமா, இது என்ன சாமி துணியா" என்றார் தையல்காரர், ஆனாலும் தொங்கவிட்டார். மேலே கைக்குழி ஏற்றிய விஸ்கோஸ் டாப், இப்போது ஏறுவதே இல்லை. ஸ்வேட் செருப்பு போட்ட முதல் நாள் தரை இல்லாத மாதிரி இருந்தது, இரண்டாம் வகுப்பிலிருந்து முட்டி வலி போய்விட்டது.

இப்போது பிரச்சினை வீட்டுக்காரருக்கு. ஃபார்மல் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வருகிறார், இரண்டாவது பாட்டிலேயே வெளியே வந்துவிடுகிறது. பெல்ட் பக்கிள் என் விலாவில் குத்துகிறது.

லண்டன்பெரியவர்:
வழக்கமான சங்கதிதான். போட்டியில் ஆண்கள் போடும், பின்னால் வால் போல நீளும் டெயில் சூட்டைக் கையை மேலே தூக்கிப் பிடித்த நிலையில் வைத்தே பார்த்துப் பார்த்துத் தைப்பார்கள், கையைக் கீழே விட்டால் அது அசிங்கமாக நிற்கும். ஆஃபீஸ் சட்டை மேஜையில் உட்கார்வதற்குத் தைத்தது. பயிற்சிக்கு நீண்ட, இழுபடும் துணியில் போலோ டி-ஷர்ட் போடச் சொல்லுங்கள், இன் பண்ண வேண்டாம். பேன்டில் பக்கிள் இல்லாமல் பக்கவாட்டில் இறுக்கிக்கொள்ளும் வகை, அல்லது எலாஸ்டிக் இடுப்பு. ஜீன்ஸ் கூடாது. பாக்கெட்டில் சாவி, போன் எதுவும் கூடாது. ஒரு மாற்று டி-ஷர்ட்டும் சின்ன டவலும் பையில் இருக்கட்டும், வால்ட்ஸ் முடிந்து சா-சா தொடங்கும் முன் மாற்றிக்கொண்டால் இரண்டு பேருக்குமே நல்லது.

தாளம்தப்பி:
டி-ஷர்ட் என்றால் மரியாதையாக இல்லை என்கிறார். பேசிப் பார்க்கிறேன். மெட்டிக்கு மேல் டேப் ஒட்டிப் பார்த்தேன், வியர்வையில் பாதியிலேயே கழன்றுவிட்டது, வேறு வழி உண்டா?

நடுவரிசை:
மருந்துக்கடையில் துணி டேப் கேளுங்கள், காகித டேப் நிற்காது. விரலை நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள், பவுடர் போட்டுவிட்டு ஒட்டினால் பிடிக்காது. இறுக்கிச் சுற்றாதீர்கள், ஒரே சுற்று, முனை விரலின் மேல்பக்கம் வரட்டும், அடியில் வந்தால் உரசி எழும்பிவிடும்.