மல்லிகைச் சிரிப்பு உவமையா, உருவகமா?

மேலூர்க்காரி:
அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் படிக்கிறேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கணக்கு எழுதும் வேலை. வியாபாரம் ஓய்ந்த பிறகு, ஈரச் சாக்கை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து அணியிலக்கணம் படிப்பேன். 'மல்லிகைச் சிரிப்பு', 'சிரிப்பு மல்லிகை' இரண்டும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. எது உருவகம்? யாராவது சொல்லுங்களேன்.

தமிழாசிரியர்:
எது முன்னால் நிற்கிறது என்று பாருங்கள் அம்மா. 'மல்லிகை போன்ற சிரிப்பு' என்பதில் 'போன்ற' உவம உருபு. அது மறைந்து 'மல்லிகைச் சிரிப்பு' ஆனால் உவமைத்தொகை. பூ வேறு, சிரிப்பு வேறுதான். 'சிரிப்பு மல்லிகை' என்றால் சிரிப்பே பூவாகிவிடுகிறது. அதுதான் உருவகம். மதிமுகம், முகமதியும் இப்படித்தான்.

திருமங்கலம் தம்பி:
அக்கா, தற்குறிப்பேற்ற அணிக்கு நம்ம மதுரையே எடுத்துக்காட்டு. கோவலனும் கண்ணகியும் வரும்போது கோட்டைக் கொடிகள் காற்றில் அசைகின்றன. இயல்பாக ஆடும் கொடி, 'வராதீர்கள்' என்று கைகாட்டி மறிப்பதாகத் தன் குறிப்பை ஏற்றிச் சொல்கிறார் இளங்கோ. படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

மேலூர்க்காரி:
ரொம்ப நன்றி ஐயா, இப்போது பிடிபட்டது. தம்பி, அந்தக் கொடி மனதை என்னவோ செய்கிறது. அப்புறம் ஒன்று: எங்கள் ஊர்த் திருவிழாவில் வள்ளி திருமணம் நாடகம் நடக்கும். வள்ளியும் நாரதரும் நெடுநேரம் தர்க்கம் செய்வார்கள். அது எந்த அணி?

தமிழாசிரியர்:
அது அணி இல்லை அம்மா, நாடக உரையாடல். ஆனால் அடுத்த முறை காது கொடுத்துக் கேளுங்கள், உள்ளே உவமையும் சிலேடையும் வந்து விழும்.